வாயைத் திறந்து கேளு, தம்பி

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். ஒரு சிறப்புப் பள்ளி விழாவுக்குப் போயிருந்தேன். தலைவர் வர இரண்டு மணி நேரம் தாமதம். மேடை ஓரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர், தலைவரின் 'சமவாய்ப்பு, சமவாய்ப்பு' எல்லாவற்றையும் விரல்களால் பொழிந்துகொண்டிருந்தார். எதிரே காது கேளாதவர் ஒருத்தரும் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள்; பாதிப் பேருக்குப் பேச்சு வராது, ஒரு சைகையும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் கேமராவுக்கு.

முதல் வரிசைப் பையன் தொடையை இறுக்கிக்கொண்டு நெளிந்தான். 'பாத்ரூம்' என்று காட்ட அவனுக்குக் கையிருந்தது, சைகை இல்லை. டவுசர் நனைந்தது. தலைவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

நிர்வாகியிடம் கேட்டேன்: "இந்தப் பிள்ளைங்களுக்கு ஏன் சார் சைகை சொல்லித்தரல?"

"இவங்களுக்குத்தான் காது கேக்குதே சார்!"

அடடா! காது கேட்டால் வாய் பேசியாக வேண்டும். கால் இருந்தால் இமயமலை ஏறியாக வேண்டும்.

அடுத்த வாதத்தையும் கையோடு வைத்திருந்தார். கையைப் பழக்கினால் வாய் சோம்பேறியாகிவிடுமாம். சைகை, படம் போன்ற வழிகள் பேச்சைக் கெடுக்கின்றனவா என்று பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2006இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. உறுதியாகக் கணிக்க முடிந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. இங்கிலாந்தில் மார்கரெட் வாக்கர் 1970களில் தொடங்கிய மகாடன் முறையில் யாரும் வாயைப் பூட்டுவதில்லை. பேசிக்கொண்டே, முக்கியமான சொல்லுக்குக் கையையும் காட்டுவார்கள். இங்கேயும் சட்டம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பேச்சுக்குத் துணையாகச் சைகை மொழியை ஊக்குவிக்கச் சொல்கிறது. சட்டம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. சாவி யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

சைகை என்றால் நமக்கு அவ்வளவு அலர்ஜியா என்றால், அதுவும் இல்லை. தேர்தல் வந்தால் இரண்டு விரலை விரித்தால் இரட்டை இலை, ஐந்தையும் விரித்தால் உதயசூரியன். எழுத்தறியாத பாட்டிக்கும் பதினைந்தே நாளில் பாடம் ஏறிவிடும். பாட்டியின் வாய் சோம்பேறியாகிவிடுமே என்று எந்தக் கட்சியும் கவலைப்பட்டதில்லை. ஓட்டுக்கு உதவும் விரல், ஒரு பிள்ளை தண்ணீர் கேட்க உதவக் கூடாது.

பெற்றவளுக்குக் கிடைக்கும் ஆறுதலோ தனி ரகம். நாக்கில் வசம்பு தடவு. "குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலையாம், தெரியுமில்ல?" அவருக்குத் திருச்செந்தூர் முருகன் வந்தான். இவள் பிள்ளைக்கு வாரத்துக்கு அரை மணி நேரப் பேச்சுப் பயிற்சி, அதிலும் மெழுகுவர்த்தி ஊதுவது. பதினான்கு வயது வரை ஊதுகிறான்.

நான் கேட்பது ஒன்றும் காவியம் இல்லை. தண்ணி, பசி, வலி, போதும், பாத்ரூம், வேண்டாம். இந்த ஆறும் வந்தால் போதும் என்றில்லை, தொடங்கவாவது செய்யலாமே. அதிலும் 'வேண்டாம்'. இருட்டில் ஒருத்தன் கை மேலே படும்போது அந்தப் பிள்ளை எதைக்கொண்டு மறுக்கும்? மறுநாள் யாரிடம், எப்படிச் சொல்லும்? சொல்லத் தெரியாத பிள்ளையைத் தேடி வருகிறவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் தெரியாது, பாவம், நாம் விழா ஏற்பாட்டில் இருக்கிறோம்.

கிளம்பும்போது அந்தப் பையனின் அம்மா டைரியைக் காட்டினார். தாகம் எடுத்தால் அவன் அம்மாவின் முந்தானையை இரண்டு தரம் இழுப்பானாம், அவனே கண்டுபிடித்தது. பள்ளியிலும் டீச்சரின் முந்தானையை அப்படியே இழுத்திருக்கிறான். டைரியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "புடவையைப் பிடித்து இழுக்கிறான். வீட்டில் கண்டிக்கவும்."