பசுமைப் பரிசுக்காரர்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான் என்கிற கட்டத்தில் பசுமைப் பரிசுக்காரருக்குப் பூமியின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வரும். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியின் மனிதவள மேலாளராக இருப்பார். அல்லது குடியிருப்போர் சங்கச் செயலாளராக. அல்லது மகள் கல்யாணத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர்கூடத் தென்படக் கூடாது என்று சபதம் எடுத்த அப்பாவாக. ஆள் மாறினாலும் வசனம் மாறாது. "இந்த வருஷம் எல்லாமே கைவினைதான். கடை கிடையாது, செய்யறவங்ககிட்டயே நேரா வாங்கறோம்."

ஒரு காலத்தில் எவர்சில்வர் டப்பா கொடுத்தவர். பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் முந்திரி, பாதாம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை வந்தது; 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது; அவருக்கும் ஞானம் வந்தது. பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான், தோடர்களின் பூத்தையல் என்று புவிசார் குறியீடு பெற்றவற்றை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எதையும் வாங்கியதில்லை, விலை கட்டுப்படியாகவில்லையாம். பழவேற்காடு என்றால் வசதி. அறுபது கிலோமீட்டர், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நண்டு வறுவல், படகு சவாரி, சமூக சேவை மூன்றையும் முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் பனையோலை முடைவதில் பேர்போனவர்கள். அவர்கள் கையில் உருவான பெட்டியில்தான் பட்டணத்துக் கொலுத் தாம்பூலம் போகும். கல்யாண வீட்டு லட்டும் போகும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் உள்ள வேலை லேசுப்பட்டதல்ல. பனையின் விரியாத குருத்தை ஆள் ஏறி வெட்டி இறக்க வேண்டும். கண்டபடி வெட்டினால் மரம் நொந்துவிடும். பனையோ மாநில மரம். அதில் ஏறுகிறவர்கள்தான் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். குருத்தை வெயிலில் வெளுக்கக் காயவைத்து, ஈர்க்கை உரித்தெடுத்து, கத்தியால் ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி, மறுபடி காயவைத்து, முடையும்போது தண்ணீர் தொட்டுத் தொட்டு வளைக்க வேண்டும். மூடி, பெட்டியைவிட ஒரு நூல் பெரிதாக வர வேண்டும். இறுகினால் திறக்காது, தளர்ந்தால் நிற்காது. இதற்கு அளவுகோல் கிடையாது, விரல்தான் கணக்கு.

இவ்வளவுக்கும் வெயில் வேண்டும். ஐப்பசியோ வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில் வந்து இறங்குகிற மாதம். காயாத ஓலையைப் பெட்டியாக்கினால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். சரியாக அந்த மாதத்தை ஒட்டித்தான் நம்மவர், ஓலை முடையும் ஓர் அம்மாவின் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்குவார்.

"முந்நூறு பெட்டி வேணும்மா. பதினஞ்சு நாள்ல."

"வெயிலே இல்லையே சார். ஓலை எப்படிக் காயும்?"

"ஹேர் டிரையர் மாதிரி ஏதாவது வெச்சுப் பாருங்களேன்?"

அந்த அம்மா அவரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"அப்புறம், எல்லாம் ஒரே கலர்ல இருக்கணும். இது வெளுப்பா இருக்கு, இது மஞ்சளா இருக்கு."

"ஓலை சார் அது. மரத்துக்கு மரம் மாறும்."

"இயற்கை! இயற்கை!" என்று உருகிப்போய் நாலு படம் எடுத்துக்கொள்வார். எடுத்த கையோடு பெட்டிக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்வார். "உங்க கதையை எல்லாருக்கும் சொல்றோமேம்மா" என்பார். கதை சொன்ன வீட்டில் அரிசி வெந்ததாக அந்த அம்மா இதுவரை கேள்விப்பட்டதில்லை.

திரும்பும் வழியில் ஏரி. ஆழமில்லாத இடங்களில் தண்ணீருக்குள் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கிறதே. பசுமைப் பரிசுக்காரர் பரவசமாகிவிடுவார். "இதை ஹாலில் மாட்டினால் பிரமாதமாக இருக்கும்" என்று அதற்கும் விலை கேட்பார்.

முன்பணம் என்ற பேச்சு மட்டும் அவரிடம் எழாது. "டெலிவரி முடிஞ்சதும் பில் அனுப்புங்க, நாப்பத்தஞ்சு நாள்ல அக்கவுண்ட்ல விழுந்துடும்." இதே ஊரில் 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனி, இந்தக் கரைத் துணிகளைக் கப்பல் கப்பலாகக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றியது. வணிகர்கள் வழியாக நெசவாளர் கைக்கு முன்பணம் போய்த்தான் தறி ஓடியது. டச்சுக்காரர்கள் தரும பிரபுக்கள் அல்லர். இங்கிருந்து அடிமைகளையும் கப்பலேற்றியவர்கள். அப்பேர்ப்பட்டவர்களுக்கே, நூல் வாங்கக் காசில்லாமல் துணி வராது என்ற கணக்கு புரிந்திருந்தது.

எப்படியோ கடன் வாங்கி, மழை விட்ட இரண்டு நாளில் ஓலையைக் காயவைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு முந்நூறையும் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். சென்னைக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டிக்கும் தெர்மோகோல் மெத்தை, உள்ளே பிளாஸ்டிக் உறையில் தினை லட்டு, மேலே பளபளக்கும் வினைல் ஸ்டிக்கரில் கம்பெனி முத்திரை. 'இந்தப் பெட்டி மண்ணோடு மண்ணாக மட்கும்' என்ற வாசகமும் ஓர் அட்டையில் இருக்கும். அட்டைக்கு லேமினேஷன்.

ஆனாலும் இவரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மால்களில் மின்னுகிற பெட்டிகளை விட்டுவிட்டுப் பழவேற்காடு வரை வண்டியைத் திருப்பினாரே, அது பெரிய விஷயம். அவருக்குப் பஞ்சாங்கம்தான் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை. வருகிற தீபாவளிக்கு ஓலைப் பெட்டி கொடுக்க நினைப்பவர்கள் வெயில் இருக்கும்போதே, ஆடிக்குள், ஆர்டர் சொல்லிவிடுங்கள். பாதிப் பணத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். சொன்ன விலையைக் குறைக்காதீர்கள். தெர்மோகோல் வேண்டாம்; ஓலைப் பெட்டி தானே தாங்கும்.