சுதேச

பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் சமஸ்தானமும் சுதேசம், வைத்தியமும் சுதேசம், கப்பல்கூட சுதேசி! அக்காலத்துப் பத்திராதிபர்களுக்கு வேறு அடைமொழியே கிடைக்கவில்லையா?

அந்தக் கப்பல் எந்த தேசத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் ஸ்தாபித்த சுதேசிக் கப்பல் கம்பெனிக்காக 'காலியா' என்னும் நீராவிக் கப்பலைப் பிரான்ஸிலிருந்துதான் வாங்கி வந்தார்கள். ஆயினும் பங்குப் பணம் நம் ஜனங்களுடையதாகவும், கொழும்புப் பிரயாணத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக நின்ற தைரியம் நம்மவருடையதாகவும் இருந்தபடியால், அந்த விசேஷணம் அதற்கு முற்றும் பொருந்திற்று. திருவாங்கூர் போன்ற சுதேச சமஸ்தானத்திலோ மகாராஜா நம்மவர், பக்கத்திலிருந்து யோசனை சொன்ன ரெஸிடெண்ட் அன்னியர். வைத்தியத்தில் சங்கடமே இல்லை: சூரணமும் லேகியமும் என்றைக்கும் சுதேசமே.

இந்த அடைமொழியால் யாருக்காவது நஷ்டம் உண்டா?

1882-இல் ஜி.சுப்பிரமணிய ஐயர் தம்முடைய தமிழ் வாரப் பத்திரிகைக்கு 'சுதேசமித்திரன்' என்று நாமகரணம் செய்தபோது அச்சொல் சாதுவாகத்தான் இருந்தது. 1905-இல் வங்காளம் துண்டாடப்பட்டு, அன்னியத் துணி பகிஷ்காரம் பரவிய பிறகு, அதே சொல்லை உரக்கச் சொன்னவர்களைச் சர்க்கார் சந்தேகக் கண்ணோடு பார்க்கலாயிற்று. 1908-இல் ஐயர் ராஜத்துவேஷக் குற்றத்துக்காகக் கைதானார். அதே வருஷம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார்.