குமுளியில் மோடம் பேச ஏழு படிகள்

ஆண்டு 2004 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் விற்ற காசில் மடிக்கணினி வாங்கியாயிற்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மனே 2001-இல் திருவனந்தபுரம் வந்து விளக்கேற்றிய கேரள மாநிலமாயிற்றே என்ற ரோஷத்தில் விண்டோஸை அழித்து லினக்ஸும் போட்டாயிற்று. இனி இணையம்தான் பாக்கி.

1. மோடம் இருக்கிறதா பாருங்கள். போன் ஒயர் செருகும் துளையைக் கண்டதும் நம்பிவிடாதீர்கள். உள்ளே இருப்பது அநேகமாக வின்மோடம். மோடம் செய்யவேண்டிய வேலையில் பாதியை விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டிய மலிவுச் சரக்கு. நம்மூர்க் கணக்கில் சொன்னால், உங்களிடம் இருப்பது ஏலக்காய்த் தோல். ஏலரிசி விண்டோஸில் இருந்தது. அதைத்தான் அழித்துவிட்டீர்கள்.

2. சிப்பின் பூர்வீகத்தை விசாரியுங்கள். லூசென்ட் என்றால் ஒரு டிரைவர், ஸ்மார்ட்லிங்க் என்றால் வேறொன்று. கோனெக்ஸன்ட் என்றால் லினக்ஸன்ட் நிறுவனம் தரும் டிரைவர்: இலவசம் என்றால் நொடிக்கு 14.4 கிலோபிட், 56 வேண்டுமென்றால் காசு.

3. டிரைவரை இணையத்திலிருந்து இறக்குங்கள். ஆமாம், இணையத்துக்குப் போகும் வழி இணையத்தில்தான் இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்து தமிழ்நாட்டுக்குப் போகிறது. நீங்கள் பஸ்ஸில்தான் போகவேண்டும். கம்பம் பிரவுசிங் சென்டரில் 1.44 எம்பி பிளாப்பியில் ஏற்றித் திரும்பினால் எல்லைச் செக்போஸ்ட்.

"எந்தா இது?"

"டிரைவர், சாரே."

"டிரைவர் எவிடே?"

வீட்டுக்கு வந்தால் டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலின் ஹெடர் கோப்புகளைக் கேட்கும். அவற்றின் பதிப்பு எண் உங்கள் கெர்னலோடு கடைசிப் புள்ளிவரை பொருந்தவேண்டும், பிளாப்பியிலும் அடங்காது. மறுபடி கம்பம், இந்தமுறை சிடியோடு.

4. டயல் டோன் இல்லை என்று மோடம் சாதிக்கும். ரிசீவரைக் காதில் வைத்தால் டோன் கணீரென்று கேட்கும். சண்டை போடாதீர்கள். அயல்நாட்டு டோனுக்குப் பழகிய மோடத்தின் காதில் நம்மூர் டோன் ஏறாது. 'ஏடிஎக்ஸ்3' என்று கட்டளை கொடுங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

5. டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயலின் அமைப்புக் கோப்பில் 'ஸ்டுபிட் மோடு = 1' என்று எழுதுங்கள். உங்களைச் சொல்லவில்லை. எதிர்முனை சொல்வதையெல்லாம் புரிந்துகொள்ளப் பார்க்காமல், லைன் கிடைத்ததும் இணைய இணைப்புக்கான பிபிபியைத் தொடங்கு என்று அர்த்தம். மாமியார் வீட்டிலும் இதே விதிதான்.

6. துலாவர்ஷ மழையில் இடி உருண்டால் முதலில் போன் ஒயரைப் பிடுங்குங்கள், பிறகு துணி எடுக்க ஓடுங்கள். துணி காய்ந்துவிடும். கம்பிவழி வரும் மின்னல் தின்ற மோடம் திரும்பாது.

7. கீச், கர்ர், கொர்ர். கிடைத்துவிட்டது! காசு கட்டிய டிரைவரில் நொடிக்கு 40 கிலோபிட் வேகம் வந்தாலும், 1 எம்பி இறங்க மூன்றரை நிமிடம் ஆகும். 700 எம்பி லினக்ஸ் சிடிக்கு ஏறக்குறைய 41 மணி நேரம், நடுவில் அம்மா உள்ளறை ரிசீவரை எடுக்காமல் இருந்தால்.

இவ்வளவும் வேண்டாம் என்றால், சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடம் ஒன்று வாங்குங்கள். அதில் தோலும் அரிசியும் சேர்ந்தே இருக்கும். லினக்ஸ் தனி டிரைவர் கேட்காது. இதை முதல் படியிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கும் ஏழாவது படிக்குப் பிறகுதான் சொன்னார்கள்.