பல்லைக் கேட்டால் சொல்லும்!

கேள்வி: ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தக்குளத்தில் முழுகி, முன்னோருக்குக் கடன் கழிக்கும் ஊர் நம்முடையது. செத்தவர் எலும்பைத் தோண்டி ஆராய்வது பாவமில்லையா?
– வாசகர், அமிர்தகழி

பதில்: பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பது மூன்று தலைமுறைக்கு. அதற்கு அப்பால் இருந்தவர் என்ன தின்றார், எந்த நோயில் நொந்தார் என்று எழுதி வைத்தவர் யாருமில்லை, எலும்பில்தான் பதிந்திருக்கிறது. அதை மரியாதையோடு கேட்டறிவதும் முன்னோர் கடன்தான். கேளாமல் அள்ளிக்கொண்டு போவதே பாவம்.

கேள்வி: நேற்றுத் தின்ற கறியே எனக்கு மறந்துபோகிறது. இருபதாயிரம் வருசத்துக்கு முந்தியவர் சாப்பாடு எப்படித் தெரியும்?
– மாணவி, கல்லடி

பதில்: உங்களுக்கு மறந்தாலும் உங்கள் பல்லுக்கு மறக்காது, தங்கச்சி. பல்லின் எனாமல் சின்ன வயதில் உருவாகும், பிறகு புதுப்பிக்கப்படாது. அடர்காட்டு உணவும் வெட்டவெளிப் புல்நில உணவும் அதில் வெவ்வேறு காபன் அடையாளத்தை விட்டுச்செல்லும். பாகியன்கல, பட்டதொம்பலென முதலிய குகைகளில் கிடைத்த பற்களை இப்படிச் சோதித்தார்கள். முடிவு 2015இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது: நம் தீவின் ஆதிமக்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டை நம்பிச் சீவித்தவர்கள். மழைக்காட்டில் மனிதன் பிழைப்பது அரிது என்ற பழைய வாதத்தைச் சில பற்களே கடித்துத் துப்பிவிட்டன!

கேள்வி: எலும்பைப் பார்த்துச் சாதி சொல்லலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று சொல்லும். பற்களின் வளர்ச்சியும் தேய்வும் வயதைச் சொல்லும். முறிந்து நன்றாகக் கூடிய காலெலும்பு, அவர் படுத்திருந்த நாளில் யாரோ சோறு கொடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணவைக்கும். மற்றதைக் கூடப் புதைத்த பொருள் சொல்லவேண்டும். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில், எலும்புக்கூட்டோடு பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் இருந்தது. சாதி மட்டும் எந்த எலும்பிலும் இல்லை.

கேள்வி: வேடர் முன்னோரின் மண்டையோடுகளை வெள்ளைக்காரர் கொண்டுபோனார்களாமே, திரும்பி வந்தனவா?
– வாசகர், வாகரை

பதில்: சில வந்தன. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஒன்பது மண்டையோடுகள் 2019 நவம்பரில் வேடர் தலைவர் வன்னில அத்தோவிடம் கையளிக்கப்பட்டன. மற்றவையும் உரியவர் கைக்கு வரவேண்டும். உறவினர் சம்மதத்தோடுதான் ஆய்வு நடக்கவேண்டும்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. வளவில் கிணறு வெட்டும்போது எலும்போ தாழியோ தட்டுப்பட்டால், மண்வெட்டியைக் கீழே வையுங்கள். எதையும் அசைக்காமல் பொலிசுக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள்.