பனிநாட்டில் பிரசவம் ஏன்?

கேள்வி: குளிர்காலத்தில் எங்கள் கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளான், சைபீரியாவின் டைமிர் தீபகற்பம் வரை போய் முட்டையிடுமாமே! மரமே இல்லாத அந்தப் பனிக்காட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?
— ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: சாப்பாடு! ஆசியப் பெருநிலத்தின் வடகோடியான செல்யூஸ்கின் முனை டைமிரில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே சூரியன் தலைகாட்டாது. கோடையில் மறையவே மறையாது. மண்ணுக்கடியில் நிரந்தர உறைபனி இருப்பதால், உருகிய நீர் கீழே இறங்க வழியின்றிக் குட்டைகளாகத் தேங்கும். அதில் பூச்சிகள் கோடிக்கணக்கில் பெருகும். பொரித்த அன்றே இரை தேடக் கிளம்பிவிடும் குஞ்சுகளுக்கு அது இரவிலும் மூடாத மெஸ்.

சரி, ஆர்க்டிக் நரி சும்மா விடுமா? லெம்மிங் எலிகள் பெருகிய ஆண்டில் நரிக்கு அவையே போதும், குஞ்சுகள் தப்பிக்கும். எலி குறைந்தால் நரியின் பார்வை கூடுகள் மேல் திரும்பும். செம்மார்பு வாத்தின் சாமர்த்தியமே தனி. அது பைரி வல்லூறின் கூட்டருகே குடியேறும். தன் கூட்டைக் காக்க வல்லூறு நரியை விரட்டும்போது வாத்துக்கும் இலவசக் காவல்.

ஆகவே டைமிர் வெற்றுப் பனிக்காடல்ல, பிரசவ விடுதி. அங்கே பூமி சூடேறினாலும் இங்கே சதுப்பு நிலம் பாழானாலும் அடி விழுவது அதே பறவைக்குத்தான். நம் பங்குக்குக் கோடியக்கரையையாவது பத்திரமாக வைத்திருப்போம்.