தரையில் ஒட்டிய கால்கள்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஒரு வருடமாகக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிடுகிறது. இப்போது மறதி வேறு. 'வயசாச்சு, அப்படித்தான்' என்கிறார்களே, சரியா?

பதில்: 'வயசாச்சு' என்பது வயதைச் சொல்லும் வார்த்தை, நோயின் பெயர் இல்லையம்மா! முதலில் நடை, பிறகு சிறுநீர், மறதி என்று மூன்றும் சேர்ந்து வந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். மூளை தினமும் அரை லிட்டர் அளவுக்கு நீர் சுரக்கிறது. அது வடிவது மந்தமானால் உள்ளறைகள் விரிந்துவிடும். அழுத்தம் பெரிதாக ஏறாததால் தலைவலிகூட இருக்காது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கொலம்பியாவின் மூளை அறுவை நிபுணர் சாலமோன் ஹக்கீம் 1960களில் இந்த நோயைக் கண்டு சொன்னார்.

அப்பாவைத் திரும்பி நடக்கச் சொல்லுங்கள். கால்களை அகட்டி வைத்து, ஒரு திருப்பத்துக்கு ஆறேழு குட்டி எட்டு வைக்கிறாரா? அப்படியானால் இந்த நோய்தானோ என்ற சந்தேகம் வலுக்கும். பார்க்கின்சன் நோயிலும் நடை தேயும், ஆனால் அதில் பெரும்பாலும் பாதங்கள் நெருங்கியே இருக்கும்.

ஸ்கேனில் அறைகள் பெருத்திருந்தால், முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி நீர் எடுப்பார்கள். அதன்பின் நடை தேறினால் ஷன்ட் பலன் தர நல்ல வாய்ப்பு உண்டு. மூளையிலிருந்து தோலுக்கடியிலேயே வயிறுவரை இறங்கும் மெல்லிய குழாய் அது. அடைப்பு, தொற்று, ரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகள் இருக்கின்றன, கேட்டுத் தெளியுங்கள். நடைதான் நன்றாகத் தேறும், மறதி அந்த அளவுக்குத் தேறாது. தள்ளிப்போட்டால் இரண்டுமே கஷ்டம்.

நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது அப்பா நடப்பதைச் செல்போனில் எடுத்துப் போங்கள், திரும்புவதையும் சேர்த்து.