அப்படி ஒரு வார்த்தையே கிடையாது

தெருவுக்குத் தெரு ஒரு குழாயடி உண்டு, அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார் உண்டு, ஆங்கிலம் திருத்த ஒரு பெரியவரும் உண்டு. எங்கள் தெருப் பெரியவர் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பென்ஷனோடு சேர்த்து சிவப்புப் பேனாவையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி இல்லாத நாள் உண்டு. பேனா இல்லாத நாள் கிடையாது.

அவருடைய வேதம் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம். பிரவுன் அட்டை போட்டு, முதுகில் காடாத்துணி ஒட்டி, ராமாயணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்த ரென் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்று பாலைவனப் பட்டாளத்து சாகச நாவலும் எழுதியவர் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

கல்யாணப் பத்திரிகை நீட்டினால், மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் பிழைதான் அவர் கண்ணில் படும்.

"கசின் பிரதர்னு போட்டிருக்கியேப்பா. கசின்னாலே போதுமே!"

"பிரதர் போடலேன்னா அவன் கல்யாணத்துக்கே வரமாட்டான் மாமா."

துக்க வீட்டிலும் விடமாட்டார். "அப்பா காலையில எக்ஸ்பயர் ஆயிட்டார் மாமா" என்று விம்மியவனின் தோளைத் தட்டி, "மருந்துதாம்பா எக்ஸ்பயர் ஆகும்" என்று ஆறுதல் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், இதில் தப்பு அவருடையதுதான். லத்தீனில் அந்தச் சொல்லின் வேர்ப்பொருளே மூச்சை வெளியே விடுவது. கடைசி மூச்சு விட்ட மனிதனுக்கு நூற்றாண்டுக் கணக்கில் உரிமைப்பட்ட சொல் அது. மாத்திரை அட்டை நேற்று வந்தது. ஆனால் பாடை கட்டும் இடத்தில் அகராதியை யார் பிரிப்பது?

இதெல்லாம் சில்லறை. அவருக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றும் சொல் ஒன்றே ஒன்று: பிரீபோன். "போஸ்ட்போன் உண்டு. பிரீபோன் கிடையாது. நம்ம ஊர் ஆளுங்க கட்டிவிட்ட சரக்கு!" கூட்டத்தை முன்கூட்டியே நடத்துவதாக யாராவது வாட்ஸப்பில் இந்தச் சொல்லைப் போட்டால், கூட்டம் நடக்காது, விவாதம்தான் நடக்கும்.

போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். வெள்ளிக்கிழமை என்று தேதி கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், உங்க ஆபரேஷனைப் பிரீபோன் பண்ணியிருக்கோம்."

"அப்படி ஒரு வார்த்தையே கிடையாதும்மா. அட்வான்ஸ்னு சொல்லணும்."

"அட்வான்ஸ் எல்லாம் வேண்டாம் சார். வர்ற அன்னிக்குக் கட்டினாப் போதும்."

விடுவாரா? வினைச்சொல், முன்னொட்டு என்று பத்து நிமிடம் பாடம் நடந்தது. அவளும் பொறுமையாக "சரிங்க சார், தேங்க்யூ சார்" என்று வைத்துவிட்டாள். ஒரு ஜீவனைக் கரையேற்றிய திருப்தியோடு இவரும் வைத்தார். புதுத் தேதி என்ன என்று அவள் சொல்லவும் இல்லை, இவர் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பிளாஸ்க், தலையணை, மனைவி சகிதம் ஆட்டோவில் போய் இறங்கினார். "டாக்டர் நேத்தே வந்து எல்லாருக்கும் முடிச்சிட்டு ஊருக்குப் போயிட்டாரே சார்" என்றார்கள்.

சாயங்காலம் பேத்தி கைபேசியை நீட்டினாள். "தாத்தா, ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கு. 1913-லேயே ஒருத்தர், போஸ்ட்போனுக்கு ஜோடியா இந்தச் சொல்லு வேணும்னு நியூயார்க் டைம்ஸுக்கு லெட்டர் போட்டிருக்கார். நம்ம ஊர் சரக்கு இல்லையாம்."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "நியூயார்க்கா? கலர்ல 'யு' போடத் தெரியாத ஊர்க்காரனைச் சாட்சிக்குக் கூப்பிடாதே."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஆபரேஷன் என்னாச்சு சார்?" என்றார்.

"போஸ்ட்போன் ஆயிடுச்சு" என்றார் இவர், இலக்கண சுத்தமாக.

சமையலறையிலிருந்து மாமியின் குரல் வந்தது: "'ஆயிடுச்சு' தப்பு. 'பண்ணிட்டேன்'னு சொல்லணும்."